மேலே அனுப்பி வைத்தோம்

வருகைப் பதிவேட்டைக் கையில் வாங்கி, நானே பெயர் வாசித்தேன்.

"பாண்டியம்மா."

சத்தமில்லை.

"முத்துலட்சுமி."

சத்தமில்லை.

"ராசாத்தி. வீரம்மாள். சின்னப்பொண்ணு."

தகரக் கூரையில் மரங்களிலிருந்து சொட்டும் தண்ணீரின் ஓசை மட்டும் கேட்டது. மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த மலையில் மரங்கள் தங்கள் பங்குக்கு இன்னொரு மழையைப் பெய்துகொண்டிருக்கும். சன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து கரும்பலகையை மங்கலாக்கியிருந்தது.

வலது பக்கம் பையன்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கம் பெண் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் வெறும் சிமென்ட் தரை. பதிவேட்டில் பதினான்கு பெண்களின் பெயர்கள் இருந்தன. பதினான்குக்கு நேராகவும் அன்றைய தேதி வரை வந்ததாகக் கோடு விழுந்திருந்தது.

"சீசன் சார், காயெடுப்பு. ஆத்தாளுகளோட தோட்டத்துக்குப் போயிருக்கும்க" என்றார் ஆசிரியர். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார்.

காயெடுப்பு என்றால் ஏலக்காய் பறிப்பது. சீசனில் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது புதிதல்ல. ஆனால் காயெடுப்புக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. பையன்கள் ஒருவர் விடாமல் வந்திருக்க, பெண்கள் ஒருவர்கூட வராமல் போவதற்கு எந்தச் சீசனும் காரணமாகாது.

அந்த ஆசிரியரை அங்கே அனுப்பியவன் நான்.

இந்த வாரம் சிரிப்பதற்கில்லை

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் நாடகத் திரை அறுந்து விழுந்த கதையை எழுதியிருந்தேன். படித்துச் சிரித்ததாகப் பலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். பழைய மாணவி ஒருவர், "சார், நம்ம பள்ளிக்கூடத்தைப் பற்றி நல்லதையே எழுதுகிறீர்கள்" என்று முடித்திருந்தார்.

அந்த ஒரு வரி என்னை நான்கு நாட்களாக உறுத்துகிறது. பாராட்டாகத்தான் எழுதியிருப்பார். எனக்கு அது அப்படிப் படவில்லை.

எனக்கு எண்பத்தாறு வயது. நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தால் அது இன்னொரு பொய்ச் சான்றிதழ். ஏற்கெனவே ஒன்று கொடுத்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள். போடியில் ஓர் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியர். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளி. எங்கள் நிர்வாகத்துக்கே குரங்கணிக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஓர் ஆரம்பப் பள்ளியும் இருந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர். குரங்கணி வரை ஜீப்பு, அதற்கு மேல் ஒன்றரை மணி நேர நடை. அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் கையில் இல்லாமல் யாரும் ஏற மாட்டார்கள்.

இப்போது சொல்லப்போகிறவரைக் கணக்கு சார் என்றே எழுதுகிறேன்.

ஊக்கு கேட்டு வந்த பிள்ளைகள்

எங்கள் பள்ளியில் மரகதம் டீச்சர் தையல் ஆசிரியை. ஒல்லியான உருவம். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். ஆசிரியர் கூட்டங்களில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. தையல் டீச்சரிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், ஒம்பதாங் கிளாஸ் பிள்ளைக எங்கிட்ட ஊக்கு கேட்டு வருதுக."

"தையல் டீச்சர்ட்ட ஊக்கு கேக்காம டிராயிங் மாஸ்டர்ட்டயா கேப்பாங்க?" என்றேன். என் நகைச்சுவையை நானே ரசித்த காலம் அது.

அவர் சிரிக்கவில்லை. "எல்லா நாளும் கேக்கல சார். கணக்கு கடைசி பீரியடா வர்ற நாள்ல மட்டும் கேக்குதுக. தாவணியில ஒரு ஊக்கு இருக்க, மேல இன்னொண்ணு குத்திக்கிட்டுப் போகுதுக. நான் மூணு மாசமாப் பாக்குறேன்."

எனக்குப் புரிந்தது. புரிந்த அதே நொடியில் புரியாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

இதற்கு முன்பே சிலது என் கண்ணில் பட்டிருந்தது. நோட்டுக் காட்டப் போகும் பெண்கள் எப்போதும் இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி காட்டுவாள், மற்றவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். 'எவ்வளவு ஒற்றுமை' என்று நினைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே காவல் காப்பதாகச் சம்பளம் வாங்கிய எனக்கு அது ஒற்றுமையாகத் தெரிந்திருக்கிறது.

மரகதம் டீச்சர் ஒரு பெண்ணை அழைத்துவந்தார். செல்வராணி. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். ஏலக்காயைத் தரம் பிரிக்கும் கிடங்கில் அவள் அம்மா காளியம்மாளுக்கு வேலை. செல்வராணியின் புத்தகப் பையில்கூட அந்த வாசனை இருக்கும்.

அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ஆசிரியர் மாணவியிடம் நடந்துகொள்ளக் கூடாத விதத்தில் கணக்கு சார் நடந்துகொண்டிருந்தார். பல தடவை. அவ்வளவு போதும்.

நான் கேட்ட முதல் கேள்வியை மட்டும் எழுதுகிறேன்.

"நீ ஏம்மா தனியாப் போன?"

அவள் தலை நிமிரவில்லை. "தனியாப் போகல சார். கூட வந்தவள வெளிய போகச் சொல்லிட்டாரு."

அடுத்து நான் சொன்னது: "சரி. இதை வேற யார்ட்டயும் சொல்ல வேண்டாம்."

மரகதம் டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெண்ணின் தோளில் கைவைத்து அழைத்துப் போனார்.

என் பயம்

என் பக்கத்து நியாயம் என்று அன்று நான் நம்பியதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் படிப்பு நின்றது என்று பொருள். நானும் இரண்டு ஆசிரியர்களும் தெருத்தெருவாகப் போய், "பத்தாவது வரைக்குமாச்சும் விடுங்க" என்று கெஞ்சிப் பெண்களைச் சேர்த்திருந்தோம். ஒரு வீட்டில் தகப்பன் என் முன்னாலேயே வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பள்ளிக்கூடத்துல எம்மகளுக்கு ஒண்ணுன்னா நீங்களா சார் வந்து நிப்பீக?" என்று கேட்டார். "நான் நிப்பேன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

இந்த விஷயம் வெளியே போனால் அத்தனை பெண்களையும் நிறுத்திவிடுவார்கள். ஒருவனுடைய தப்புக்காக எல்லார் படிப்பும் போகும். இதுதான் என் பயம்.

பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன் பாருங்கள். கணக்கு சாரிடம் வைத்திருக்க வேண்டும். செல்வராணியின் வாயில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காளியம்மாள் கிடங்கிலிருந்து நேராக வந்தார். முந்தானையில் ஏலக்காய்த் தூசு.

"எம்மகளை நிறுத்திக்கிறேன் சார்."

"நல்லாப் படிக்கிற பிள்ளைம்மா."

"அதான் சார் பயமா இருக்கு. நல்லாப் படிக்கிற பிள்ளைன்னுதான அடிக்கடி கூப்புட்டாரு."

மாற்றுச் சான்றிதழை அரை மணி நேரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு வேகமாக நான் யாருக்கும் சான்றிதழ் கொடுத்ததில்லை. மற்றவர்கள் அதற்கு ஒரு வாரமாவது அலைய வேண்டியிருக்கும். காளியம்மாள் அதைக் கவனித்திருப்பார். தாளை வாங்கி, படிக்கத் தெரியாத கண்களால் ஒருமுறை பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லாமல் போனார்.

மலைக்கு அனுப்பும் வழக்கம்

எங்கள் நிர்வாகத்தில் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. ஆசிரியர் யாராவது வம்பில் மாட்டிக்கொண்டால் அவரை மலைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவோம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியரை முறைப்படி அங்கே போட முடியாது. 'தற்காலிக மாற்றுப்பணி' என்று எழுதிச் சரிக்கட்டிவிடுவோம்.

வகுப்பில் குறட்டை விட்டுத் தூங்கிய ஒருவர் போனார். அவர் ஒரு வருடம் மலைத்தேனும் பலாப்பழமும் தின்று, கழுத்து தெரியாமல் பருத்துத் திரும்பினார். சாராய வாசனையோடு வந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் போனார். தாளாளரின் மைத்துனரை எதிர்த்துப் பேசியதற்காகத் தமிழய்யா ஒருவர்கூடப் போய்வந்தார். ஆசிரியர் அறையில் யாராவது குரல் உயர்த்தினால், "என்ன மாப்ளே, கம்பளி வாங்கி வச்சிட்டியா?" என்று கேலி செய்வார்கள்.

எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. மலையில் இருந்த பிள்ளைகளுக்குத் தூங்குமூஞ்சியும் குடிகாரரும் மாறி மாறி வாத்தியாராக வந்தார்கள் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

கணக்கு சார் விஷயத்தைத் தாளாளரிடம் தனியாகச் சொன்னேன். அவருக்கும் மலையில் ஏலத்தோட்டம் உண்டு. காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டே கேட்டார்.

"எழுத்துல ஏதும் இருக்கா ஹெட்மாஸ்டர்?"

"இல்லைங்க."

"அப்ப எதுவும் வேண்டாம். மேல தள்ளிவிடுங்க. குளுர்ல கிடந்து வரட்டும்."

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அவர் மலையேறினார். இங்கே பெண்கள் ஊக்கு கேட்டு வருவது நின்றுவிட்டது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

மரகதம் டீச்சர் மட்டும் விடவில்லை. மாதம் ஒருமுறை, சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட வரும்போது மெதுவாகக் கேட்பார்: "மேல இருக்கிற பிள்ளைகளை யாராச்சும் போய்ப் பாத்தாங்களா சார்?"

"சின்னப் பிள்ளைக டீச்சர். அஞ்சாவது வரைக்கும்தான்" என்பேன்.

சின்னப் பிள்ளைகள் என்றால் ஆபத்து இல்லை என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ தெரியவில்லை.

ஐப்பசி மழை ஓயும் நேரத்தில், பஸ் நிலையத்தில் ஜீப்பு ஓட்டுநர் வேலுச்சாமி என்னைப் பார்த்து, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"என்ன சார், மேல உங்க பள்ளிக்கூடத்தை ஆம்பளைப் பள்ளிக்கூடமா மாத்திட்டீகளாம்ல?"

மறுநாள் காலை அவர் ஜீப்பிலேயே ஏறினேன். குரங்கணி வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம்.

தோட்டத்தில்

பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, கணக்கு சாரிடம் ஒன்றும் சொல்லாமல் தோட்டத்துக்குள் இறங்கினேன். ஏலச் செடிகள் ஆளுயரத்துக்கு மேல் நின்றன. பெண்கள் செடிகளின் அடியில் குத்தவைத்து, சரத்திலிருந்து காயைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு பெண் பிள்ளை. அம்மாவின் சேலையைத் தொட்டுவிடும் தூரத்தில், சின்னக் கூடையோடு.

பதினான்கையும் எண்ணினேன்.

என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒரு பிள்ளை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது. என் வெள்ளை வேட்டியும் சட்டைப்பையில் இருந்த பேனாவும் அதைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். வாத்தியார் என்றாலே அந்தப் பிள்ளைக்கு அப்படி ஆகியிருந்தது.

பேச்சியம்மாள் என்ற பெண்தான் எழுந்து வந்தார். முப்பது வயதிருக்கும். தலையில் மழைக்காகச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். பதிவேட்டில் நான் முதலில் வாசித்த பாண்டியம்மா அவருடைய மகள்.

"நீங்கதான் கீழ பெரிய சாரா?"

"ஆமாம்மா."

"பாத்தீகளா? எல்லாம் இங்கிட்டுத்தான் இருக்கு. ஒண்ணும் தொலையல."

"ஏம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல?"

"என்ன நடந்துச்சுன்னு எங்கிட்டக் கேக்காதீக சார். பள்ளிக்கூடம்னு சொன்னாலே எம்பிள்ளைக்குக் காய்ச்ச வருது. அம்புட்டுத்தான் சொல்வேன். நாங்க பொம்பளைக கூடிப் பேசுனோம். ஒருத்தி பிள்ளை மட்டும் நின்னா ஊரு வாய் அந்தப் பிள்ளையைத் தின்னுரும். அதான் ஒரே நாளுல எல்லாரும் நிறுத்திட்டோம். இப்ப எந்தப் பிள்ளைன்னு எவனும் சொல்ல முடியாதுல்ல?"

ஒரு பிள்ளையின் பெயர் கெடாமல் இருக்கப் பதினான்கு பேரின் படிப்பைக் கொடுத்திருந்தார்கள். நான் என் பள்ளியின் பெயர் கெடாமல் இருக்க ஒரு பிள்ளையைக் கொடுத்தேன்.

"கீழ வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே தாயி."

பேச்சியம்மாள் திரும்பி மற்ற பெண்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீகளாடி? சார்ட்டச் சொல்லணுமாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது.

"அனுப்பி வச்சதே நீங்கதான சார்? கீழ என்னமோ சேட்டை பண்ணித்தான் இங்கிட்டு வந்திருக்காருன்னு அவரு ஏறி வந்த அன்னைக்கே ஜீப்புக்காரவுக பேசிக்கிட்டாக. ஒழுங்கான வாத்தியாரை எங்களுக்கு எப்ப அனுப்பியிருக்கீக? கீழ தப்புப் பண்ணுனா மேல அனுப்புவீக. மேல தப்புப் பண்ணுனா எங்கிட்டு அனுப்புவீக?"

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை ஒரு சொல் மாறாமல் இன்றும் சொல்வேன்.

"எழுதுங்க" என்றார் அவர். "எங்களுக்கு எழுதத் தெரியாது. நாங்க சொல்லச் சொல்ல எங்க முன்னாடியே எழுதுங்க."

ஒரு பாறையில் உட்கார்ந்து எழுதினேன். அவர்கள் பிள்ளைகளை ஓடைப் பக்கம் அனுப்பிவிட்டு, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொன்னார்கள். என் பேனா மையைத் தொட்டு ஒவ்வொருவராகக் கைநாட்டு வைத்தார்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு பெண் எனக்குப் பாலில்லாத கட்டங்காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றே கணக்கு சாரைக் கீழே இறக்கினேன். ஜீப்பில் நான் முன்னால், அவர் பின்னால். "நல்ல கிளைமேட் சார், உடம்புக்கு ஒத்துக்கிருச்சு" என்று ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். ஒரு தடவைகூட 'ஏன் இறக்குகிறீர்கள்' என்று கேட்கவில்லை. வேலுச்சாமி கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

நான் கொடுத்த சான்றிதழ்

இந்த இடத்தில் கதையை நல்லபடியாக முடிக்க எனக்கும் ஆசைதான்.

அந்தத் தாளைக் கல்வி அலுவலருக்கு அன்றே அனுப்பியிருக்க வேண்டும். நான் அதைத் தாளாளரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

"அவரை ராஜினாமா எழுதச் சொல்லிருவோம். உடம்பு சரியில்லைன்னு எழுதட்டும். தோட்டத்துப் பொம்பளைக கைநாட்டை வச்சுக்கிட்டு நாம கோர்ட்டு வாசல்ல நிக்கிறதா? உங்க பொம்பளைப் பிள்ளைக சேர்க்கை என்னாகும், யோசிங்க ஹெட்மாஸ்டர்."

என் பயம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கணக்கு சார் ராஜினாமா எழுத ஒரு நிபந்தனை போட்டார். அனுபவச் சான்றிதழ் வேண்டும். நான் எழுதினேன். இத்தனை ஆண்டு பணி. கற்பிக்கும் திறன், மிக நன்று. ஒழுக்கம், நன்று.

'நன்று' என்று எழுதும்போது பேனா நிற்கவில்லை. நின்றிருந்தால் இதை எழுதும்போது சற்று ஆறுதலாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. வேறு மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டதாம். 'எல்லாம் தங்கள் ஆசி' என்று எழுதியிருந்தார். கிழித்துப் போட்டேன். ஆனால் பள்ளியின் பெயர் மனதில் நின்றுவிட்டது.

மரகதம் டீச்சர் மலையேறினார்

அடுத்த ஜூனில் மலைப் பள்ளிக்கு ஆள் வேண்டியிருந்தது. மரகதம் டீச்சர் என் அறைக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

"நான் போறேன் சார். தண்டனையா இல்லாம ஒருத்தியாச்சும் மேல போகட்டும்."

அவர் போன பிறகுதான் அங்கே பள்ளிக்கூடம் நடந்தது என்று சொல்லலாம். பாடம் நடக்கும்போது கதவு, சன்னல் எல்லாம் திறந்திருக்கும். வாரம் ஒருநாள் தாய்மார்கள் யாராவது வந்து பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். ஆசிரியர் எந்தப் பிள்ளையையும் தனியாகக் கூப்பிடக் கூடாது. இந்த ஒழுங்குகளை அங்கே பார்த்துவிட்டுத்தான் கீழேயும் கொண்டுவந்தேன். ஒரு குறைப் பதிவேடும் வைத்தேன். அதில் எழுதியதன் நகலை அன்றே கல்வி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பிள்ளையிடம் முதலில் 'நீ ஏன் போனாய்' என்று யாரும் கேட்கக் கூடாது. எல்லாம் சின்ன விஷயங்கள். ஒன்றுக்கும் செலவு கிடையாது. இன்றுபோல் அன்று இதற்கென்று தனிச் சட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தாளும் பேனாவும் இருந்தன. வைத்திருந்தவன் நான்.

பதினான்கு பிள்ளைகளில் ஒன்பது பேர் திரும்பினார்கள். பேச்சியம்மாளின் மகள் வரவில்லை.

அதற்கடுத்த வருடம், எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம், நான் பேச்சியம்மாளைப் பார்க்கப் போனேன். இப்போது டீச்சர் இருக்கிறார், பயமில்லை, பாண்டியம்மாவை அனுப்புங்கள் என்றேன்.

அவர் காயைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்: "அந்த ஆளு இப்ப எங்க சார்?"

"இங்க வேலையை விட்டுப் போயிட்டாரும்மா."

"போலீசுக்கா?"

"இல்ல."

"பெறகு? வேற பள்ளிக்கூடத்துக்கா?"

நான் தலையை ஆட்டினேன்.

பேச்சியம்மாளின் கை நின்றது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது கவலை.

"அங்கிட்டும் பொம்பளைப் பிள்ளைக இருக்கும்ல சார்?" என்றார்.

ஒப்புகைச் சீட்டு

கீழே வந்த அன்றே கடிதம் எழுதினேன். அந்த நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு. எல்லாவற்றையும் எழுதினேன். செல்வராணி, மலைப் பிள்ளைகள் பெயர்களை விட்டுவிட்டு, கணக்கு சாரின் பெயரை முழுதாக எழுதினேன். நான் கொடுத்த சான்றிதழ் பொய் என்றும் எழுதினேன். பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினேன்.

ஒரு வாரம் தபால்காரரின் சைக்கிள் மணிக்காகக் காத்திருந்தேன். எட்டாம் நாள் ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. 'தலைமையாசிரியர் (பொறுப்பு)' என்று ரப்பர் முத்திரை. அதன் மேல் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பல வருடம் சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன்.

அங்கே இருந்த தலைமையாசிரியர் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். அனுபவமும் நற்சான்றும் உள்ளவர் என்று இவரைப் பொறுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் கடிதத்தை அவரே வாங்கி, அவரே பிரித்திருக்கிறார்.

சனிக்கிழமை சாமான் வாங்க இறங்கிய மரகதம் டீச்சரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"இனிமே கடுதாசி எழுதுற சோலியே வேண்டாம் சார். பஸ்சு எத்தனை மணிக்குன்னு பாருங்க. நானும் வர்றேன்."

திங்கட்கிழமை அந்த மாவட்டக் கல்வி அலுவலகத்தில், பதினொரு மணிக்கு, இருவரும் நின்றோம். அலுவலர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆள் அனுப்பி அந்தப் பள்ளியின் கோப்பை வரவழைத்தார். அதில் என் சான்றிதழ் இருந்தது. அதை எடுத்து மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அவர் நடவடிக்கை எடுத்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொறுப்பிலிருந்து அன்றே நீக்கினார். வேலையிலிருந்து நீக்க மேலும் ஏழெட்டு மாதம் ஆயிற்று. எனக்கும் எங்கள் தாளாளருக்கும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. தாளாளர் சாகும்வரை என்னோடு பேசவில்லை. பாண்டியம்மா பள்ளிக்கு வரவேயில்லை. செல்வராணியைப் பத்தாவது எழுதவைக்க மரகதம் டீச்சர் மூன்று தடவை அவர்கள் வீட்டுக்குப் போனார். அதற்குள் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து அந்தத் திங்கட்கிழமை வரை, ஏறத்தாழ ஒன்றரை வருடம், அந்த நடுநிலைப் பள்ளியின் பெண் பிள்ளைகள் என்ன பாடுபட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரணையில் மூன்று பேர் பேசினார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். பேசாதவர்கள் எத்தனை பேர்?

அன்று அந்த மேசையில், அலுவலர் சான்றிதழின் மேல் விரலை வைத்துக் கேட்டார்:

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாம்."

"இதைக் கொடுக்கும்போது அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, இல்லையா?"

எனக்கு வழிவிட்டார். நல்ல மனிதர். 'தெரியாது' என்று சொன்னால் போதும், வெறும் புகார் கொடுக்க வந்தவனாக நான் வெளியே போய்விடலாம். என் ஓய்வுக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. பக்கத்தில் மரகதம் டீச்சர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவர் எனக்காக எதுவும் பேசவில்லை.

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார்.

"அப்படியே எழுதிக் கொடுங்க."

எழுதினேன்.